பதியும் வரை பொறு

இன்னும் இல்லை, இப்போது வராதே, கொஞ்சம் பொறு என்று சிவந்தி தன் வயிற்றுக்குள் இருந்ததிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். வாயால் அல்ல, வாயைத் திறந்தால் வேறு சத்தம் வந்துவிடும். பதிவுக் கச்சேரியின் தாழ்வாரத்துப் பெஞ்சில் முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் மடியில் கோத்து, மாதா கோயிலில் பூசைக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். விடியலில் அடுப்பை ஊதக் குனிந்தபோதுதான் முதல் வலி. நனைந்த விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து எதிரும் புதிருமாக முறுக்குவார்களே, அப்படி இடுப்பை யாரோ முறுக்கினார்கள், முறுக்கிவிட்டு விட்டுவிட்டார்கள். சூட்டு வலியாக இருக்கும், நேற்றுத் தின்ற பலாக்கொட்டையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புடவையை இறுக்கிக் கட்டினாள். வரும் வழியில் பாலத்தருகே இரண்டாவது முறை வந்தபோது பலாக்கொட்டை இல்லை என்று தெரிந்துபோயிற்று. பிள்ளையின் தகப்பன் இராயப்பனிடம் சொல்லவில்லை. அவன் அதற்குள் துறைமுகத்துக் கோட்டைச் சுவர் வேலைக்குப் போயிருந்தான், இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். சொன்னால் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். "படு புள்ள, நான் மருத்துவச்சியக் கூட்டியாறேன், பத்திரம் எங்க ஓடிப்போவுது, நாளைக்கு வாங்கிக்கிட்டாப் போச்சு." நாளைக்கு. அவன் காரைக்காலில் கூலி பேசிக் கப்பலேறி வந்த கொத்தன், தாய் வயிற்றிலிருந்தே யாருக்கும் சொந்தமில்லாதவன், நாளைக்கு என்ற சொல் அவன் வாயில் அத்தனை சுலபமாக வரும். நாளை அவனுடையது. அவளுக்கோ இன்றே இன்னும் அவளுடையதாகவில்லை. ஆகட்டும், இந்தக் கதவு திறந்து உள்ளே கூப்பிடட்டும், அதுவரைக்கும் நீ பொறு.

சட்டம் ஒன்றும் நீளமானதில்லை, இந்தத் தீவில் மூட்டை தூக்குகிறவனுக்கும் மனப்பாடம். குழந்தை தாயைச் சேரும். தாய் அடிமையென்றால் குழந்தை அடிமை, தகப்பன் ராஜாவாக இருந்தாலும் சரி, கொத்தனாக இருந்தாலும் சரி. புதுச்சேரிக்காரர்கள் மசுக்கரை என்று பெயர் சொல்லும் இந்தப் பிரெஞ்சுக்காரர்களின் தீவில் கறுப்பாக இருக்கிற ஒவ்வொருத்தருக்கும், மொசாம்பிக் கரையிலிருந்து வந்தாலும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தாலும், தெருவில் நடக்க ஒரு காகிதம் வேண்டும்: இன்னாருடைய ஆள் என்று ஒரு சீட்டு, அல்லது யாருடைய ஆளும் இல்லை என்று ஒரு விடுதலைப் பத்திரம். சிவந்தியின் பத்திரத்துக்கு அவளுடைய எசமானி மதாம் கோர்தேல் போன ஈஸ்டருக்கே மனுப் போட்டாள். கவர்னர் மாளிகையிலிருந்து சம்மதமும் வந்தது. ஆனால் சம்மதம் மட்டும் போதாது, இந்தக் கச்சேரியில் பெரிய எழுத்தர் அதை உரக்க வாசித்து, பதிவில் ஏற்றி, முத்திரை குத்தினால்தான் செல்லும். அதற்குள் மழைக்காலம் வந்தது, மதாம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள், சொத்தெல்லாம் அண்ணன் மகன் முசே ஓபேன் கைக்கு வந்தது. கவர்னர் ஒப்புக்கொண்டதை அவனால் கிழித்துப்போட முடியவில்லை. ஆனால் இழுத்தடிக்க முடிந்தது. ஒரு வாரம் சாட்சி ஊரில் இல்லை, ஒரு வாரம் அவனுக்கே உடம்பு சரியில்லை. ஒருநாள் கஞ்சி போட்ட மேசை விரிப்புகளைக் கொடுக்கப் போனவளைத் தன் பிரம்பின் நுனியால் வயிற்றில் மெதுவாகத் தொட்டு, "நீ போகலாம் ரோசலி, போ, இது என்னுடையது" என்றான். வலிக்கவே இல்லை. கன்றுக்குட்டியைத் தடவிப் பார்ப்பதுபோல, அத்தனை மென்மையாகத்தான் தொட்டான். ரோசலி என்பது இவர்கள் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். அவன் பிரம்பு தொட்ட இடம் இப்போதும் தொப்புளுக்கு மேலே எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. வண்டிக்காரன் பெண்டாட்டி மரீயின் பையனைப் பால் மறப்பதற்கு முன்பே ஓபேன் தீவின் அந்தப்பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டான். மரீ அதற்கப்புறம் ரொம்ப நாள் மார்பில் துணி கட்டிக்கொண்டு திரிந்தாள், துணி நனைந்துகொண்டே இருந்தது, அந்தத் துணியைத் துவைத்தவள் சிவந்திதான். அந்த வாடை. வேண்டாம், அதை நினைக்காதே. சுவரைப் பார். சுவரில் பல்லி இருக்கிறது. பல்லியைப் பார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கத்தரீன் மீன் விற்கிறவள், காலடியில் புதுக் கூடையில் இன்றைய மீன். மொசாம்பிக் கரையில் பிறந்து, இங்கே விற்கப்பட்டு, பிறகு விடுதலையானவள், சிவந்தியைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். கழுத்தில் ஒரு தகரக் குழல் தொங்கியது. அதைத் திறந்து தன் பத்திரத்தை வெளியே எடுத்து மடியில் விரித்து வைத்திருந்தாள். கடல் தண்ணீர் பட்டு மை கரைந்து, பாதி எழுத்துகள் நீலமாக வழிந்திருந்தன. "படகு கவிழ்ந்துச்சு," என்று தீவுப் பாஷையில் சொன்னாள். "மீன் போச்சு, கூடை போச்சு, செருப்புப் போச்சு. அதெல்லாம் பரவால்ல. இது நனைஞ்சதும் ரோந்துக்காரன் புடிச்சு உள்ள வச்சுட்டான். எழுத்து தெரியலையாம். நான் தெரியுறேன்ல, நான் முழுசாத்தானே நிக்கிறேன்னு கேட்டேன். காகிதம் சொல்லட்டும்ங்கறான்." புதுப் பிரதி எழுதி வாங்க வந்திருக்கிறாள். சிவந்தி சிரிக்க நினைத்தாள். உதடு விரியவில்லை, ஏனென்றால் முறுக்கு மறுபடி ஆரம்பித்திருந்தது, இந்த முறை முதுகிலிருந்து, தண்டுவடத்தின் அடியிலிருந்து கிளம்பி இரண்டு பக்கமும் கைபோட்டு முன்னால் வந்து பூட்டிக்கொண்டது. பல்லி நகர்ந்தது. பல்லியும் சுவரும் ஒரே வெள்ளையாக ஆயின. மூச்சை மூக்கால் விடு, மெதுவாக, மெதுவாக. உள்ளே இருக்கிறவனே, உள்ளே இருக்கிறவளே, உனக்கு என்ன அவசரம், வெளியே என்ன இருக்கிறது என்று இத்தனை அவசரம், வெளியே ஓபேன் இருக்கிறான். முறுக்கு விட்டது. பல்லி திரும்பவும் பல்லியாயிற்று. கத்தரீன் பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை வயிற்றுக்கு இறக்கினாள். மீன் வாடை அடிக்கும் அந்தக் கையை நீட்டிச் சிவந்தியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள பேர் கேப்பாங்க," என்றாள், எதுவுமே நடக்காத மாதிரி. "உன் பேர், உன் அம்மா பேர். விடுதலையாகுறவளுக்கு ஒரு குடும்பப் பேர் வேணுமாம். யோசிச்சு வச்சுக்க. நான் யோசிக்காமப் போயி, அன்னைக்கு வெள்ளிக்கிழமைங்கறதால என் பேருக்குப் பின்னாடி வெள்ளிக்கிழமைன்னு எழுதிட்டானுங்க."

அம்மா பேர். சிவந்தி யோசித்தாள். யோசிப்பது நல்லதுதான், வலிக்கும் வலிக்கும் நடுவே இருக்கிற இடத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். அம்மாவின் கால் ஞாபகம் இருக்கிறது. அரசலாறு கடலில் சேரும் இடத்தில், பஞ்சத்து வருஷம், முழங்கால் சேற்றில் நின்று மட்டி பொறுக்குகிற கால். சேறு காய்ந்து வெடித்து, பாம்புச் சட்டை மாதிரி உரியும். அம்மாவின் முதுகு ஞாபகம் இருக்கிறது. முகம் இருக்கிறதா என்றால் இருக்கிறது, ஆனால் பார்க்கத் திரும்பும்போது கலைந்துவிடுகிறது, தண்ணீரில் தெரிகிற முகம் மாதிரி. குரல் மட்டும் கலையவே இல்லை. பொரி தருகிறேன் என்று ஒருத்தன் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான், தோளிலிருந்து பார்த்தால் கடல் முழுக்கத் தெரிந்தது, அது விளையாட்டு என்று அவள் சிரித்தாள், சிரித்தாளே, கையைக் கூடத் தட்டினாள், அந்தச் சிரிப்பை இன்றுவரை விழுங்க முடியவில்லை. அம்மா சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி ஓடிவந்தாள், சேறு விடவில்லை, "சிவந்தீ, சிவந்தீ" என்று கத்தினாள். அதனால்தான் தன் பெயர் தெரியும். கப்பலில் அம்மை வார்த்துக் கிடந்தபோதும், இறங்கியதும் ரோசலி என்று கூப்பிட்டபோதும், அந்தக் குரல் கத்திக்கொண்டே இருந்ததால் பெயர் தொலையவில்லை. ஆனால் அம்மாவை யார் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? அப்பா இருந்தாரா, இருந்தால் ஏய் என்றிருப்பார். பக்கத்துக் குடிசைக்காரி வேலிக்கு மேலே தலையை நீட்டி, "சிவந்தி அம்மா, நெருப்பு இருக்கா?" என்பாள். சிவந்தி அம்மா. அவ்வளவுதான். அம்மாவுக்கு மகளின் பெயர்தான் இருந்தது, மகளுக்கு அம்மாவின் பெயர் தெரியாது. இதில் சுற்றிச் சுற்றி எத்தனை தரம் வந்தாலும் அதே வேலி, அதே நெருப்பு, அதே குரல். உள்ளே என்ன சொல்வது, ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடலாமா, எந்தப் பெயரைச் சொன்னாலும் இவர்களுக்கு ஒன்றுதான். இல்லை. பொய்ப் பெயர் வைத்தால் அம்மா அந்தச் சேற்றிலேயே நின்றுபோவாள்.

தாழ்வாரத்தில் வரிசை நகரவில்லை. காவல்காரன் கதவில் சாய்ந்து கொட்டாவி விட்டான். துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று வந்தது, தார் வாடையும் சுண்ணாம்பு வாடையும் கலந்து, சுண்ணாம்பு இராயப்பனுடைய வாடை. அவன் சாயங்காலம் கையைத் தேங்காயெண்ணெயில் ஊறவைப்பான், விரலிடுக்கில் வெடித்திருக்கும். முதல் தடவை அவளோடு பேசியபோது ஆற்றங்கரையில் துவைத்துக்கொண்டிருந்தாள், தமிழில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே துணியை அடித்துக்கொண்டிருந்தாள் போல, பின்னாலிருந்து, "எந்த ஊரு நீ?" என்று ஒரு குரல். இத்தனை வருஷத்தில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. யாருடைய ஆள் என்றுதான் கேட்பார்கள். எந்த ஊரு நீ. கையிலிருந்த சட்டை ஆற்றோடு போயிற்று, மதாமிடம் திட்டு வாங்கினாள். மதாம் கெட்டவள் இல்லை. நல்லவளா என்றால், அதுவும் தெரியவில்லை. மதாமுக்கு அம்மை வந்தபோது வீடே காலியாகிவிட்டது, சமையல்காரி போனாள், உறவுக்காரர்கள் போனார்கள், இந்த ஓபேன் முதல் ஆளாகப் போனான். சிவந்தி மட்டும் இருந்து வேப்பிலை இல்லாத ஊரில் வேறு எதையோ ஒடித்து விசிறினாள், சீழ் துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள். பாசத்தாலா? ஊரெல்லாம் பாசம் என்று சொன்னார்கள், பாதிரியார் பிரசங்கத்தில்கூடச் சொன்னார். அவளுக்கு ஏற்கெனவே கப்பலில் வந்துபோய்விட்டதால் பயமில்லை, அவ்வளவுதான்; ஓட இடமும் இல்லை. ஆனால் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அந்த வெள்ளைக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா என்று தன் பாஷையில் அழுதாள், அப்போது சிவந்தி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதற்கு என்ன பெயர் வைப்பது? பெயர் வேண்டாம். மதாம் பிழைத்ததும் விடுதலைக்கு மனுப் போட்டாள். மதாம், நீ இன்னும் ஒரு மாதம் இருந்திருக்கக் கூடாதா. அட, வந்துவிட்டது, வந்துவிட்டது. இது பெரியது. முறுக்கு இல்லை இது, அலை, தூக்கிக்கொண்டு போகிற அலை. தொண்டைக்குள்ளிருந்து மாடு கத்துவது போல ஒரு சத்தம் கிளம்பி வந்ததை அவளே கேட்டாள், காவல்காரன் திரும்பினான். அந்த நொடியில் கத்தரீன் எழுந்து நின்று இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக் கத்த ஆரம்பித்தாள். "காலையிலேருந்து உக்காந்திருக்கேன்! என் மீன் நாறுது! நீ வந்து வாங்குவியா நாறுன மீன? உன் பெரியவரு காப்பி குடிச்சு முடிச்சாச்சா இல்லையா?" காவல்காரன் அவளை அடக்க வந்தான், அவள் இன்னும் சத்தமாக அவனுடைய மூக்கைப் பற்றி, அவன் மீசையைப் பற்றி, அவன் போன வாரம் இலவசமாக வாங்கித் தின்ற சூரை மீனைப் பற்றிப் பேசினாள், வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், அந்தச் சிரிப்புக்குள்ளே சிவந்தியின் சத்தம் யாருக்கும் தெரியாமல் கரைந்தது. சத்தம் தாங்காமல் உள்ளேயிருந்து கதவு திறந்தது. சின்ன எழுத்தர் தலையை நீட்டி, "கோர்தேல் வீட்டு ரோசலி, உள்ளே" என்றார்.

எழுந்து நின்றாள். நிற்க முடிந்தது. தொடைகள் இரண்டும் வேறு யாருடையவோ மாதிரி நடுங்கின, ஆனால் நடந்தன. கத்தரீன், "இவளுக்கு நான் சாட்சி" என்று பொய் சொல்லிக்கொண்டு கூடவே நுழைந்துவிட்டாள். உள்ளே மேசைக்குப் பின்னால் பெரிய எழுத்தர், ஒல்லியான கிழவர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியில் முசே ஓபேன். அவன் கால்மேல் கால் போட்டு, பிரம்பை முழங்காலில் கிடத்தி வைத்திருந்தான். "ஆட்சேபணை ஒன்று உண்டு" என்றான். "இவளை என் அத்தை விடுவித்தாள், சரி. ஆனால் வயிற்றில் இருப்பது இவள் அடிமையாக இருந்தபோது உண்டானது. அதை என் சொத்தில் சேர்த்து எழுதுங்கள்." பெரிய எழுத்தர் பேனாவைச் சீவிக்கொண்டே கேட்டார், "பிறந்துவிட்டதா?" "இல்லை." "அப்படியென்றால் பதிவதற்கு இன்னும் ஒரு ஆளே இல்லை, முசே. நான் மனுஷர்களைப் பதிகிறேன், வயிறுகளைப் பதிவதில்லை. பத்திரம் பதிவதற்கு முன்னால் பிறந்தால் உங்களுடையது. பதிந்த பிறகு பிறந்தால் இல்லை. இதில் எனக்கு அபிப்பிராயம் எதுவும் கிடையாது." அவர் நல்லவராகவும் சொல்லவில்லை, கெட்டவராகவும் சொல்லவில்லை, எண்ணெய் போட்ட பூட்டு திறப்பதுபோலச் சொன்னார். ஓபேன் அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தான். நெற்றியில் வியர்வை, மேலுதட்டில் வியர்வை, மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்களில் இரத்தமே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் இளகி, சாய்ந்து உட்கார்ந்து, "அவசரமே இல்லை, முசே" என்றான் எழுத்தரிடம். "முழுவதையும் நிதானமாக வாசியுங்கள். நான் ஒவ்வொரு வரியும் கேட்க வேண்டும்."

நிதானமாக. அவளுக்குத் தெரிந்தது, இவன் இனி ஒவ்வொரு சொல்லையும் பிடித்துத் தொங்குவான், அவள் வலி வலியாக இளகி இங்கேயே விழும் வரை தொங்குவான். சொல்லிவிடலாமா கிழவரிடம், ஐயா எனக்கு வலி கண்டுவிட்டது, சீக்கிரம் எழுதுங்கள் என்று? சொன்னால், பெண்கள் சமாசாரம், கூட்டிக்கொண்டு போங்கள், பெற்றுவிட்டு வரட்டும் என்பார். விதிப்படிதான் சொல்வார். ஆகவே நில். நீ கஞ்சி போட்ட துணி, நில், மடங்காதே. வாசிப்பு தொடங்கியது. ராஜாவின் பெயர், கவர்னரின் பெயர், தீவின் பெயர், செத்துப்போன மதாமின் பெயர், பெயர்களுக்கு முன்னால் பட்டங்கள், பட்டங்களுக்குப் பின்னால் பட்டங்கள். அலை வந்தது. கத்தரீன் பெரிதாகத் தும்மினாள், பிறகு இருமினாள், இருமி இருமி, "மன்னிக்கணும் முசே, தூசு" என்றாள். அலை போயிற்று. "பெயர்?" என்றார் எழுத்தர். "சிவந்தி." "ரோசலி என்று இருக்கிறது." "ரோசலின்னும் எழுதிக்குங்க. சிவந்தின்னும் எழுதுங்க. அதுதான் முதல்ல வந்தது." கிழவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார், உச்சரிப்பை இரண்டு முறை சொல்லச் சொன்னார், எழுதினார். "தாயின் பெயர்?" வேலி, நெருப்பு, சேற்றில் கால். ஓபேன் பிரம்பைத் தட்டிக்கொண்டிருந்தான். "அம்மா," என்றாள் சிவந்தி. "அம்மா," என்று எழுத்தர் திருப்பிச் சொன்னார், அது ஒரு பெயர் என்று நினைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே எழுதினார், "அப்படியானால் குடும்பப் பெயர் அம்மா. சிவந்தி அம்மா." சொன்னார், அந்தக் கிழவர், மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, பக்கத்துக் குடிசைக்காரி மாதிரியே, சிவந்தி அம்மா. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, வலியும் வந்தது, மூன்றும் ஒரே நேரத்தில். எழுது. ராஜாவின் பெயருக்குக் கீழே, கவர்னர் பெயருக்குக் கீழே, அதே மையில், என் அம்மாவை எழுது.

"அடையாளம்," என்று எழுத்தர் வாசித்தார். "நடுத்தர உயரம். கன்னத்தில் அம்மைத் தழும்பு. இடது முன்கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட வடு." ஓபேன் கையை உயர்த்தினான். "இடதா? வடு வலது கையில் இருக்கிறதே. இது இவளுடைய பத்திரம்தானா என்பதே சந்தேகம். புதிதாக எழுதிக் கவர்னர் மாளிகைக்குத் திருப்பி அனுப்புங்கள்." எழுத்தர் அவள் கையைக் காட்டச் சொன்னார். காட்டினாள். வலது கைதான், மதாமின் சரிகை வைத்த பாவாடையைத் தேய்க்கும்போது பெட்டி சரிந்து விழுந்தது, அப்போதும் முதலில் பாவாடையைத்தான் தூக்கிப் பிடித்தாள். கிழவர் யோசித்தார். அவர் யோசிக்கிற அந்த நேரம் எங்கேயும் முடியாத நேரமாக இருந்தது. அதற்குள் அவள் காரைக்காலுக்குப் போய்த் திரும்பி வந்தாள், மரீயின் நனைந்த துணியைப் பிழிந்தாள், பிழியப் பிழிய ஈரம் வந்துகொண்டே இருந்தது, தலை ஒன்று கீழே அழுத்துவதை உணர்ந்தாள், இனி கொஞ்ச நேரம்தான், பொறு என்று சொன்னால் இனி அது கேட்காது. "ஓரத்தில் திருத்தி நான் கையெழுத்துப் போட்டால் செல்லும்" என்றார் எழுத்தர் கடைசியில். "வலி இருக்கிறதுபோல் தெரிகிறதே, உட்காருகிறாயா?" "இல்லீங்க முசே," என்றாள் சிவந்தி. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, தெளிவாக, ஒரு பிசிறும் இல்லாமல். "நான் நின்னுகிட்டே கையெழுத்துப் போடுறேன். திருத்துங்க." அவர் திருத்தினார். பேனாவை நீட்டினார். ஓபேன் எழுந்து, "ஒரு நிமிஷம், என் வக்கீல்..." என்றான். கத்தரீன் தன் கூடையோடு சரியாக அந்த நேரம் திரும்பினாள், கூடையிலிருந்து ஒரு மீன் வழுக்கி அவன் வெள்ளைக் கால்சட்டைமேல் விழுந்தது. அவன் துள்ளிப் பின்வாங்கினான். சிவந்தி குனியாமல், கையை மட்டும் இறக்கி, காகிதத்தில் ஒரு சிலுவைக் குறி போட்டாள். ஒரு கோடு மேலிருந்து கீழே. ஒரு கோடு இடமிருந்து வலமாக. எழுத்தர் ஈரத்தின்மேல் மணலைத் தூவினார், ஊதினார், அரக்கை உருக்கி ஊற்றி முத்திரையை அழுத்தினார். "பதிந்தாயிற்று," என்றார். "இந்த நேரத்திலிருந்து நீ சுதந்திரமானவள்."

இப்போ வா, என்றாள் சிவந்தி. வாயைத் திறந்தே சொன்னாள், தமிழில், அந்த அறையில் இருந்த யாருக்கும் புரியாத பாஷையில், ஆனால் புரிய வேண்டியதற்குப் புரிந்தது. காலையிலிருந்து பிடித்து வைத்திருந்ததையெல்லாம் விட்டாள். பனிக்குடம் உடைந்து கச்சேரியின் பலகைத் தரையில் கொட்டியது, பெரிய எழுத்தரின் செருப்பு வரை ஓடியது, அவர் பதிவுப் புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். சின்ன எழுத்தர் ஓடினார். கத்தரீன் தன் மேல்துணியைக் கழற்றிப் பக்கத்து அறையில், பழைய காகிதக் கட்டுகளுக்கு நடுவே விரித்தாள். அதற்கப்புறம் சிவந்தி கத்தினாள். அப்பா, எப்படிக் கத்தினாள்! இனி யாருக்கும் மறைக்க வேண்டியதில்லை, இந்தத் தொண்டை என்னுடையது, இந்த இடுப்பு என்னுடையது, இந்த வலி என்னுடையது, காரைக்கால் கடற்கரையில் அந்த மனிதனின் தோளில் இருந்தபோது கத்தியிருக்க வேண்டிய கத்தலையும் சேர்த்துக் கத்தினாள், கூரைமேல் இருந்த புறாக்கள் கலைந்து பறந்தன, தாழ்வாரத்தில் வரிசையில் நின்றவர்கள் தொப்பிகளைக் கழற்றினார்கள். அலை இப்போது அவளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, அவள் அலையைத் தள்ளிக்கொண்டு போனாள். "தலை தெரியுது, கறுப்பு முடி, எவ்வளவு முடி!" என்றாள் கத்தரீன். சூடாக, வழவழப்பாக, அத்தனை பெரிதாக ஒன்று அவளிலிருந்து வழுக்கிப் போயிற்று. ஒரு கணம் உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அழுகை. பெண்.

இராயப்பன் விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்தபோது முழங்கை வரை சுண்ணாம்பு காய்ந்திருந்தது, தொடப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றான். "ஏ புள்ள, இங்கயா? சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான், சொல்லும்போதே அழுதுவிட்டான். சிவந்தி குழந்தையின் நெற்றியிலிருந்த ஈரத்தைப் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டிருந்தாள். ஓபேன் இன்னும் போகவில்லை. மீன் கறை படிந்த கால்சட்டையோடு அறை வாசலுக்கு வெளியே நின்றிருந்தான், எதற்கு நிற்கிறோம் என்று அவனுக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை. சின்ன எழுத்தர், வயதில் இளையவர், இதுவரை பிரசவம் எதையும் பார்த்திராதவர், முகம் வெளுத்து, ஆனாலும் ஏதாவது உதவி செய்ய வேண்டுமென்ற தவிப்பில் ஒரு புதுக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். "குழந்தைக்கும் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதட்டுமா?" என்று கேட்டார். "கையோடு கையாக முடித்துவிடலாம்." நல்ல மனதோடுதான் கேட்டார். சிவந்தி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் நிற்கிறவனையும் பார்த்தாள், அவனுக்கும் கேட்கட்டும் என்று தீவுப் பாஷையில் நிதானமாகச் சொன்னாள்:

"வேண்டாங்க. விடுதலை எனக்குத்தான். இவளை யார்கிட்டேருந்து விடுவிக்கிறது? இவ யாருகிட்டயும் இருந்ததே இல்லையே."

சின்ன எழுத்தர் வெற்றுக் காகிதத்தை அப்படியே மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வழியில் நின்ற முசே ஓபேனைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொன்னார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வழி வேண்டும் என்று.